பிறர் கணக்கைக் கேட்கும் நாம், நம் கணக்கைத் திறப்போமா?

1944 ஆம் ஆண்டு, டாக்கா. மதக் கலவரம் நகரை உலுக்கிக்கொண்டிருந்த நாட்கள். இந்துக்கள் மிகுதியாக வாழ்ந்த ஒரு பகுதியில், ஒரு வீட்டின் வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு, முதுகில் கத்திக்குத்துப் பட்ட ஒருவர் இரத்தம் வழிய உள்ளே வந்தார். பெயர் காதர் மியா. அன்றாடக் கூலித் தொழிலாளி. பக்கத்து வீடொன்றில் சொற்பக் கூலிக்கு வேலை கிடைக்கும் என்று வந்தவர். அந்த வீட்டுச் சிறுவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். சிறுவனின் தந்தை அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். காதர் மியா தம் நிலையைச் சொன்னார்: இந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று மனைவி தடுத்திருக்கிறார், ஆனால் வீட்டில் உண்ண ஒன்றுமில்லை. மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

அந்தச் சிறுவன் பின்னாளில் டெல்லியிலும் கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் பொருளாதாரம் கற்பித்து, 1998 இல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென். காதர் மியாவின் மரணத்தை அவர் தம் எழுத்துகளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கலவரங்களில் மாண்டவர்கள், இந்துவாயினும் முஸ்லிமாயினும், பெரும்பாலும் உழைக்கும் ஏழைகளே என்பதையும் எழுதியிருக்கிறார்.

இத்தகைய மரணச் செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. கேள்விப்பட்டதும் துஆ செய்கிறோம், கண்டனக் கூட்டம் கூட்டுகிறோம், கலைந்துபோகிறோம். கத்தியை ஓங்கியவன் யார் என்று கண்டுபிடிப்பது காவல்துறையின் வேலை. ஆனால், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் அந்த மனிதர் அந்தத் தெருவுக்குப் போக நேர்ந்தது ஏன் என்று கேட்பதற்கு ஒரு தனிக் கல்வி இருக்கிறது. அதற்கு அரசியல் பொருளாதாரம் என்று பெயர். உழைப்பவர் யார், விளைந்ததில் எவருக்கு எவ்வளவு போகிறது, அந்தப் பங்கீட்டின் விதியை எழுதியவர் யார் என்பவை அதன் கேள்விகள். பல்கலைக்கழகங்களில் அமர்ந்து இவற்றுக்கு விடை தேடுவோர் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுள் நம்மவர் மிகமிகக் குறைவு.

நம் இல்லங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தால் பொறியியல், மருத்துவம், கணினி, அதுவும் இல்லையெனில் வளைகுடாவுக்கு விசா. "எகனாமிக்ஸ் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கும் வாப்பாமார்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை, கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டில் அது நியாயமான கேள்வியே. நம் மனத்தாங்கல் வேறு. இந்தக் கல்வியின் பயனை நாம் இருகை நீட்டிப் பெற்றுக்கொள்கிறோம். அதன் கேள்விகள் நம் வாசலுக்கு வந்தால் மட்டும் கதவைச் சாத்துகிறோம்.

இது மேற்கிலிருந்து வந்த கல்வி, நமக்கு அந்நியமானது என்று கருதுவோர் உண்டு. அவர்கள் இப்னு கல்தூனை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. துனிஸில் 1332 இல் பிறந்து, 1377 இல் 'முகத்திமா'வை எழுதி, கெய்ரோவில் அல் அஸ்ஹரில் பாடம் நடத்தியவர் அவர். நம் மேடைகளில் அவர் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. அவர் சொன்னது அவ்வளவு ஒலிப்பதில்லை. அநீதி ஒரு நாட்டை அழிக்கும் என்பதை அவர் உபதேசமாக மட்டும் கூறி நிறுத்தவில்லை. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டுவது போலக் காட்டினார். உழைப்பின் பலன் பறிபோகும் என்று தெரிந்தால் மக்கள் உழைப்பைச் சுருக்குவர், சந்தை வெறிச்சோடும், கருவூலம் வற்றும், வற்றிய கருவூலத்தை நிரப்ப ஆட்சியாளர் மேலும் வரி விதிப்பார், எஞ்சிய உழைப்பும் ஓடிப்போகும். அநீதிகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்றாக அவர் வைத்தது, உரிய கூலியின்றி மக்களைக் கட்டாய வேலை வாங்குவதை.

கெய்ரோவில் அவரிடம் பயின்ற அல் மக்ரீஸி நமக்கு இன்னும் நெருக்கமானவர். அவர் முஹ்தஸிப் பதவி வகித்தவர். அதாவது சந்தையின் அளவையும் நிறுவையையும் விலையையும் கண்காணித்தவர். 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நைல் நதி பொய்த்து எகிப்தில் பஞ்சம் வந்தபோது, 'இது இறைவனின் சோதனை, பொறுமை கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். பொறுமையைப் போதிப்பது எளிது. அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. அவரோ முந்தைய பஞ்சங்களின் வரலாற்றைப் புரட்டினார். நதி பொய்ப்பது முன்பும் நடந்ததே. இம்முறை துன்பம் இவ்வளவு நீண்டது ஏன் என்று கேட்டார். மூன்று காரணங்களைக் கண்டார்: லஞ்சம் கொடுத்துப் பதவிகளை வாங்கும் வழக்கம், ஏறிக்கொண்டே போன நிலக்குத்தகை, மதிப்பற்ற செப்புக்காசுகளின் பெருக்கம். எகிப்தின் மக்களை ஏழு வகுப்பினராகப் பிரித்து, அந்த விலையேற்றம் ஒவ்வொரு வகுப்பாரையும் எப்படித் தாக்கியது என்றும் எழுதிவைத்தார்.

அதற்கு ஏறத்தாழ 580 ஆண்டுகள் கழித்து, 1981 இல், அமர்த்தியா சென் வங்கப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய நூலும் இதே தடத்தில் நடக்கிறது. 1943 இல் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டனர். பஞ்சமில்லாத 1941 ஐ விட 1943 இல் கிடைத்த உணவு தானியம் குறைவன்று என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். தானியம் இருந்தது, அதை வாங்கும் சக்தி கூலித் தொழிலாளிக்கும் மீனவருக்கும் இல்லாமற்போயிற்று. மக்ரீஸியும் சென்னும் வெவ்வேறு நம்பிக்கைகளைச் சேர்ந்தவர்கள். பட்டினி கிடந்தவனின் பக்கம் நின்று காரணம் கேட்டதில் இருவரும் ஒருவரே.

இனி நம் நாட்டு விவகாரத்துக்கு வருவோம். 2005 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங், நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் எழுவர் குழு ஒன்றை அமைத்தார். அதன் உறுப்பினர் செயலர் அபூசாலிஹ் ஷரீஃப் ஒரு பொருளாதார அறிஞர். சமூகவியல் பேராசிரியர் டி.கே. உம்மன், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் ராகேஷ் பசந்த் போன்ற கல்வியாளர்கள் அதில் இருந்தனர். (ஒரு பெண்கூட அக்குழுவில் இல்லை என்று அன்றே விமரிசனம் எழுந்தது. சரியான விமரிசனம்தான்.) 2006 நவம்பர் 30 அன்று அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

அதற்கு முன் நம்மிடம் முறையீடு இருந்தது, கணக்கு இருக்கவில்லை. 'முஸ்லிம்கள் தாஜா செய்யப்படுகிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், 'இல்லை, புறக்கணிக்கப்படுகிறோம்' என்று நாம் சொல்வோம். குரல் உயர்ந்தவர் வென்றார். அறிக்கை வந்த பிறகு நிலைமை மாறியது. மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த சமுதாயம் ஐ.ஏ.எஸ். பணியில் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். பணியில் 4, வெளியுறவுப் பணியில் 1.8. எழுத்தறிவு, நாட்டின் சராசரி 65.1 ஆக இருக்கையில் 59.1. நம் பிள்ளைகள் எல்லோரும் மதரஸாக்களிலேயே முடங்கிக்கிடக்கிறார்கள் என்ற பேச்சுக்கும் விடை கிடைத்தது: மதரஸாவில் முழுநேரம் படிப்போர் நூற்றுக்கு மூன்று, நான்கு பேரே. அன்றிலிருந்து இந்த எண்களைச் சொல்லாத சமுதாய மாநாடு உண்டா? தமிழ்நாட்டில் 2007 இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தபோதும், 'சான்று எங்கே?' என்று கேட்டோர் முன் வைப்பதற்கு நம் கையில் ஏதோ இருந்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இராணுவத்தில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று அக்குழு கேட்டபோது பெருங்கூச்சல் எழுந்தது. குழு அக்கேள்வியைக் கைவிட நேர்ந்தது. எண்ணிப் பார்ப்பதே குற்றம் என்றார்கள். அப்போது நாம் கொதித்தோம். எண்ணுவதைத் தடுப்பவரிடம் மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று எழுதினோம், பேசினோம்.

அதே சச்சார் அறிக்கையில் நாம் படித்துக் காட்டாத பக்கங்களும் உண்டு. முஸ்லிம்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பற்றி, அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸால் என்ற பிரிவினைகளைப் பற்றி அது வெளிப்படையாகப் பேசுகிறது. வீட்டிலிருந்தே பீடி சுற்றியும் ஊதுவத்தி உருட்டியும் சரிகை வேலை செய்தும் அற்பக் கூலி பெறும் நம் பெண்களைப் பற்றிப் பேசுகிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5. சச்சாரைப் பேசும் தமிழ் மேடைகளில் இந்த எண்ணை நாம் கேட்டதேயில்லை. அனுதாபம் குறைந்துவிடும் என்ற அச்சமோ? எழுத்தறிவில் முந்திநிற்கும் ஒரு சமுதாயம் மற்றவற்றில் ஏன் முந்தவில்லை என்று அடுத்த கேள்வி வந்துவிடும் என்ற அச்சமோ? அந்த அடுத்த கேள்வியில்தான் ஓர் ஆய்வாளரின் வேலை தொடங்குகிறது.

வேலூர்ப் பக்கத்துச் சகோதரர்கள் பொறுத்தருள வேண்டும். பாலாற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. முதலாளிகளில் கணிசமானோர் நம்மவர். பள்ளிவாசலும் கல்லூரியும் மருத்துவமனையும் கட்டிக் கொடுத்த கொடையாளர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி உழைத்தவர்கள் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும். கழிவுநீர் போய்ச் சேர்ந்ததோ ஆற்றிலும் அண்டை விவசாயியின் கிணற்றிலும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு உணர்ச்சியுரைகளின் மேல் எழுந்ததன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்த செய்தி அதில் இருக்கிறது: தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பும் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

'நம் தொழிலை ஒழிக்க நடக்கும் சதி' என்று அந்நாட்களில் பேசப்பட்டதை நாம் நம் காதால் கேட்டிருக்கிறோம். வேலை போய்விடும் என்று தொழிலாளர் அஞ்சியதில் பொருள் உண்டு; வருமானம் நின்றுபோன வீடுகளின் துயரம் பொய்யன்று. ஆனால் கிணற்றை எண்ணியவரைச் சதிகாரர் என்று அழைத்ததில் என்ன நியாயம்? பிறருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அண்டைவீட்டாரின் உரிமையைப் பற்றி நம் ஆலிம்கள் பேசாத ஜும்ஆ குறைவு. வெளியிலிருந்து பிறர் வந்து எண்ணிச் சொல்வதற்கு முன்பே, அந்தக் கிணறுகளை நாம் எண்ணியிருக்க வேண்டும்.

ஆய்வாளர்களைப் பற்றிய மறுபக்கக் குறையும் உண்மையே. வருவார்கள், கேட்பார்கள், படிவம் நிரப்புவார்கள், பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். எழுதியது ஆங்கிலத்தில் எங்கோ ஒரு நூலகத்தில் உறங்கும். சிலர் முடிவை முன்பே எழுதிக்கொண்டு சான்று தேடி வருகிறார்கள். ஆயினும் எல்லோரும் அப்படியல்லர். 1960 களில் மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் சென்னைப் பல்லாவரத்தில் தங்கித் தமிழ் முஸ்லிம் வணிகர்களை ஆராய்ந்து, 1972 இல் ஒரு நூல் வெளியிட்டார். இராவுத்தர், மரைக்காயர், லெப்பை, காயலர் என்ற பிரிவுகள் நம்மிடையே இருந்தாலும் அவை சாதிப் படிநிலையாக இல்லை என்று எழுதியவர் அவர். நம்மைப் பற்றி நல்லதைக் கண்டால் அதையும் எழுதுபவரே நேர்மையான ஆய்வாளர். ஆனால் அது வணிகரைப் பற்றிய நூல். வணிகரின் கடையில் காலை ஒன்பது மணி முதல் இரவு பத்து மணி வரை நின்ற பையனைப் பற்றிய நூலை யார் எழுதுவது?

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறோம். தென்மாவட்டத்தில், பீடித் தொழில் நிறைந்த ஓர் ஊர். அவ்வூர் மகள் ஒருவர், பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர், வீடுகளில் பீடி சுற்றும் பெண்களின் கூலியை ஆராய விரும்பினார். வீடு வீடாகப் போக ஜமாஅத்தின் அறிமுகக் கடிதம் கேட்டு வந்தார். உடன் அவருடைய உம்மாவும் வந்திருந்தார். அக்கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம்.

"நம்ம வீட்டுப் பெண்டுகள் பீடி சுத்துறத ஊருக்கெல்லாம் அறிவிக்கணுமாம்மா?" என்று கேட்டார் பெரியவர் ஒருவர்.

"அறிவிக்கிறதுக்கு இல்ல மாமா. ஆயிரம் பீடிக்கு அவங்க கைக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"எழுதினா பேப்பர்ல வரும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

நிர்வாகிகளில் ஒருவர் பீடி ஏஜென்ட். அவர் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. கடிதம் மறுக்கப்பட்டது. நாமும் வாய் திறக்கவில்லை. சச்சார் குழுவை எண்ணவிடாமல் தடுத்தவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதிய அதே கை அன்று மடியில் கிடந்தது.

கடிதமின்றியே அப்பெண் தம் உம்மாவுடன் வீடு வீடாகப் போனார். ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்தோம். நாம் அறிந்த தெருக்கள். நாம் அறியாத வீடுகள். சுற்றுபவர் ஒருவர், கணக்குப் புத்தகத்தில் பெயர் வேறொருவர். அதனால் வருங்கால வைப்பு நிதியும் மருத்துவ அட்டையும் சுற்றியவருக்கு இல்லை. சரியில்லை என்று ஏஜென்ட் கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி இல்லை. கழித்த பீடியும் திரும்பி வருவதில்லை. இலை குறைவாகக் கொடுத்துவிட்டு முழு எண்ணிக்கை கேட்பதால், குறையும் இலையைத் தம் காசில் வாங்கிச் சேர்க்கும் பெண்கள். 'ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சுற்றுகிறீர்கள்?' என்ற கேள்விக்கு ஒரு மூதாட்டி, சோறு பொங்கும் நேரத்திலும் தொழுகை நேரத்திலும் சுற்றுவதில்லை என்று மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்.

வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களைப் பற்றித் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அல் முதஃப்பிஃபீன் என்ற அதன் பெயர் மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். தராசுக்காரரைப் பற்றியது அது என்றே இதுவரை எண்ணியிருந்தோம்.

மார்க்கத்தின் பெயரால் வட்டியில்லாப் பொருளாதாரம் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அலிகர் பேராசிரியர் நஜாத்துல்லாஹ் சித்தீகி போன்றோர் அத்துறைக்கு வாழ்நாளையே கொடுத்தனர். அந்தப் பேச்சின் வெளிச்சம் கூலிக் கணக்கின் மேலும் விழவேண்டாமா? நம் முன்னோர் கட்டி எழுப்பிய கல்லூரிகள் குறைவில்லாமல் இருக்கின்றன. திருச்சி ஜமால் முகம்மதும் சென்னை நியூ காலேஜும் 1951 இல் தொடங்கியவை. ஆண்டுக்கு ஒரு மஹல்லாவை எடுத்துக்கொண்டு, வருமானம், கடன், கூலி, படிப்பு, ஜகாத் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை மாணவ மாணவியர் முறையாக எழுதி, முடிவை அந்த மஹல்லா மக்களுக்கே தமிழில் படித்துக்காட்டினால் என்ன செலவாகும்? நிக்காஹ் மண்டபத்தின் ஒரு நாள் வாடகைகூட ஆகாது என்பது நம் மதிப்பீடு. பொருளாதாரமோ சமூகவியலோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு, மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குத் தருவது போல பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை தருவதற்கும் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த ஆய்வேட்டின் முதற்பக்கங்களில் ஒரு நன்றியுரை இருக்கிறது. உம்மாவுக்கு, பேராசிரியருக்கு, பதில் சொன்ன பெண்களுக்கு நன்றி. கடைசி வரியில் ஊர் ஜமாஅத்துக்கும் நன்றி. கேலியாக எழுதியதன்று, அப்பெண் அப்படி எழுதக்கூடியவர் அல்லர்.

அந்த ஏட்டின் ஒரு பிரதியைப் பள்ளிவாசல் நூலகத்தில் வைக்க வேண்டும், அதை எழுதியவரை அழைத்து ஆண்களும் பெண்களும் கேட்கும்படி ஒருநாள் பேசவைக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளை எழுதி, வரும் நிர்வாகக் கூட்டத்துக்காகக் கொடுத்திருக்கிறோம். இம்முறை பெயரும் கையொப்பமும் இட்டே கொடுத்தோம். செயலாளர் வாங்கிப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.